ஜப்பான் கேமுக்குத் தனி டிவி தேவையில்லை

"இந்தியா பால் (PAL) டிவி முறை நாடு. ஜப்பான், அமெரிக்க வீடியோ கேம் வட்டுகள் என்டிஎஸ்சி (NTSC) முறை. இங்கே விற்கிற டிவியில் ஓடாது, வெளிநாட்டு டிவிதான் வாங்கணும்" என்று ஒரு வாட்ஸாப் ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

பால், என்டிஎஸ்சி எல்லாம் பழைய அனலாக் காலத்து டிவி சிக்னல் கணக்கு: பாலில் 625 கோடு, நொடிக்கு 50 புலம் (அரைப் படம்), என்டிஎஸ்சியில் 525 கோடு, ஏறக்குறைய 60 புலம். பிஎஸ்4, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன்), நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய கேம் கன்சோல்கள் எல்லாம் எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் கேபிள் வழியாகப் படம் அனுப்புகின்றன, அதில் இந்தச் சண்டையே இல்லை. இங்கே கடையில் இருக்கும் சாதாரண எச்டிஎம்ஐ டிவியே 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்) வாங்கிக்கொள்ளும். கேம் ஓடுமா என்பதை முடிவு செய்வது டிவி அல்ல, கன்சோல். இந்த மூன்றிலும் கேம்களுக்கு வட்டாரப் பூட்டு (வேறு நாட்டு கேமை ஓடவிடாத தடை) கிடையாது, ஆனால் கேமுக்குக் கூடுதல் உள்ளடக்கம் வாங்கினால் அது கேமின் வட்டாரத்தோடு பொருந்த வேண்டும்.

பழைய ஜப்பான் கன்சோல்களான பிஎஸ்2, நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஃபார்வர்டில் துளி உண்மை உண்டு. மஞ்சள் முனை ஏவி கேபிளில் வரும் என்டிஎஸ்சி சிக்னல் டிவிக்குப் புரியாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், இல்லை மேலும் கீழும் உருளும். வாங்குமுன் டிவி கையேட்டில் ஏவி உள்ளீட்டுக்கு எதிரே என்டிஎஸ்சி என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போதும்.

சரி, அந்தச் செய்தியை இனி யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். அதில் சொல்லாமல் விட்டதுதான் நிஜ ஆபத்து: சூப்பர் ஃபாமிகாம் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்குக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.