மணியடிப்பதற்கு வெகு முன்பே
'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசி சீசனில், டிராகன்களை வைத்திருக்கும் ராணி டெனேரிஸ் திடீரென்று கெட்டுப்போனாள் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காவது சீசனை மறுபடி பாருங்கள். மீரீன் நகரத்து அடிமை எஜமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளை வழிநெடுக சிலுவையில் அறைந்து கொன்றார்கள். பதிலுக்கு டெனேரிஸும் எண்ணி 163 எஜமானர்களை சிலுவையில் அறைந்தாள். விசாரணை கிடையாது, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அதில் ஒருவர் குழந்தைகளைக் கொல்லக் கூடாது என்று வாதாடியவராம். அப்பாவின் உடலையாவது இறக்கிக் கொடுங்கள் என்று மகன் ஹிஸ்டார் வந்து நிற்பான். அன்றைக்கு நாம் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம், நானும்தான்! அப்புறம் ஏழாவது சீசனில், அவள் முன் மண்டியிட மறுத்த டார்லி குடும்பத்து அப்பாவும் மகனும் டிராகன் நெருப்பில் போனார்கள். கடைசி சீசனில், சரணடைகிறோம் என்று மணியடித்த தலைநகரை எரித்தது மட்டும்தான் புதுசு. அந்த சீசனையும் ஆறே எபிசோடில் சுருட்டிவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கும் உண்டு.