வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் சூப்பர் கிளீனரா?

"வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து பாட்டிலில் வைத்துக்கொண்டால், கடையில் எந்தக் கிளீனரும் வாங்க வேண்டாம்" என்று ஒரு குறிப்பு பரவுகிறது. சிக்கனம் பார்க்கும் இளம் பெற்றோர் பலர் நம்பிச் செய்கிறார்கள். இது தவறு.

வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்ததும் ஒன்றின் வேகத்தை இன்னொன்று தீர்த்துவிடும். நுரையாகப் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அது அடங்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும், கொஞ்சம் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும்தான். அதற்கு அழுக்கெடுக்கும் சக்தி பெரிதாகக் கிடையாது. அப்புறம், மூடிய பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் ஏறினால் பாட்டில் வெடிக்கலாம். குழந்தை தவழும் வீட்டில் இதை நினைத்தாலே பதறுகிறது.

தனித்தனியாக இரண்டுமே நல்ல பொருட்கள். குழாயில் படியும் உப்புக்கறைக்கு வினிகர். மார்பிளில் மட்டும் வேண்டாம், அரித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஈரத்துணியில் தொட்ட சோடா. இப்படிச் செய்தால் செலவும் குறையும், காலி பிளாஸ்டிக் பாட்டில்களும் குவியாது.

சிலர் இதோடு ப்ளீச்சையும் சேர்க்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வரும். தவறிக் கலந்துவிட்டால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு உடனே நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.