ஓய்வுக் காலத்துக்கு வெளிநாடு: ஒருவர் போன பிறகு மற்றவர்?

ஓய்வு பெற்ற பிறகு எந்த ஆசிய நாட்டில் குடியேறலாம் என்று வரும் பதிவுகள் எல்லாம் வாடகையையும் காய்கறி விலையையும் கடற்கரையின் தூரத்தையும் ஒப்பிடுகின்றன. கணவனும் மனைவியும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கும்வரை அந்தக் கணக்கு சரிதான். இருவரில் ஒருவர் காலமான பிறகு மற்றவர் அந்த ஊரில் எப்படி இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை. வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா தருகிறது. ஹோய் ஆனின் பழைய தெருக்களில் மாலையில் நடந்து பாருங்கள். பாலியில் உபுத் பக்கத்து வயல்களைப் பாருங்கள். மனம் நிறைந்து திரும்பலாம். ஆனால் வியட்நாமில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி விசாவே கிடையாது. சுற்றுலாவுக்கு இனிக்கும் ஊரெல்லாம் குடியிருக்கத் தோதான ஊர் ஆகிவிடாது.

விதிமுறையை வைத்துப் பார்த்தால் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற நாடு தாய்லாந்துதான். 50 வயது ஆகியிருக்க வேண்டும். அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வைக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 8 லட்சம் பாட் என்பது நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். சொந்த நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கும் ஓ-ஏ விசா என்றால் 30 லட்சம் பாட் மருத்துவக் காப்பீடும் கேட்கிறார்கள். எழுபதைத் தாண்டிய, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு அந்தக் காப்பீட்டை யார், என்ன பிரீமியத்துக்குத் தருவார்கள் என்பதைப் போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வட தாய்லாந்தின் சியாங் மாயில் குடியேறிய ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். வங்கி, விசா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கணவர் பொறுப்பு. திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். விசாவுக்காக வைத்திருந்த பணம் அவர் பெயரில் மட்டும் இருந்ததால் வங்கி கணக்கை முடக்கிவிட்டது. நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமித்த பிறகுதான் அதைத் தொட முடியும் என்றார்கள். அந்த அம்மாவின் தங்கும் அனுமதியோ, கணவரைச் சார்ந்தவர் என்ற வகையில் வாங்கியது. காரியம் முடிவதற்குள் அதற்கும் அலைய வேண்டியதாயிற்று. படிவங்கள் எல்லாம் தாய்லாந்து மொழியில். பக்கத்து வீட்டுத் தாய்லாந்துப் பெண் தினமும் காலையில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஊர் மனிதர்கள் தங்கமானவர்கள். ஆனாலும் அழுது தீர்க்க ஒரு மொழி வேண்டாமா?

சியாங் மாயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் தாளும் காடும் எரிகிற புகை ஊரை மூடிக்கொள்கிறது. ஊருக்கு மேலே நிற்கும் தோய் சுத்தேப் மலையே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் டிசம்பரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது.

என் கேள்விக்குச் சரியான விடை மலேசியாவின் பினாங்கு. அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இலிருந்து இருக்கிறது. மார்க்கெட் தெருவில் பூ தொடுக்கிறவரிடமும் மளிகைக் கடையிலும் தமிழிலேயே பேசி வாங்கலாம். மருத்துவமனையில் தமிழ் பேசும் செவிலியர் கிடைக்கிறார். ‘நெஞ்சு படபடவென்று வருகிறது’ என்று ஒரு மூதாட்டி சொன்னால் அப்படியே புரிந்துகொள்கிறார். தனியாகிவிட்ட ஒரு தமிழ்ப் பெண்மணி யார் துணையும் இல்லாமல் வெளியே போய்வர முடிகிற ஊர், ஆசியாவில் இந்தியாவுக்கு வெளியே மிகச் சில.

அந்தக் கதவைத்தான் மலேசியா நம் போன்றவர்களுக்குச் சாத்திவிட்டது. வெளிநாட்டவர் நீண்ட காலம் தங்குவதற்கான ‘மலேசியா என் இரண்டாவது இல்லம்’ விசா திட்டம் 2002-இல் வந்தபோது ஓய்வூதியக்காரர்களுக்கும் இடம் இருந்தது. 2021-இல் மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் வேண்டும் என்றார்கள். 2024-இல் மறுபடியும் மாற்றி, கீழ்நிலையான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதற்கு மேல் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் நம் பணத்தில் இரண்டு கோடியைத் தாண்டுகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு 32,000 டாலரில் ஒரு பிரிவு உண்டு; ஆனால் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில், ஆளில்லாத அடுக்குமாடிகளுக்குப் பேர்போன அந்த ஊரில், வீடு வாங்க வேண்டும். தனியாகிவிட்டவருக்கு அங்கே என்ன இருக்கிறது? தமிழரின் உழைப்பால் வளர்ந்த நாடு, தமிழ் முதியவர்களுக்கு இப்படி ஒரு விலை வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

யாழ்ப்பாணத்தையும் நினைத்துப் பார்த்தேன். மொழி, கோயில், சாப்பாடு எதிலும் குறையில்லை. இலங்கையின் ‘மை ட்ரீம் ஹோம்’ விசா 55 வயதைக் கடந்த வெளிநாட்டவர்களுக்கானது. 15,000 டாலர் வைப்புத்தொகையோடு மாதம் 1,500 டாலர் கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதி. இது எத்தனை ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகும்? 2022-இல் அங்கே மருந்துக்கு மக்கள் பட்ட பாட்டையும் மறக்க முடியவில்லை.

ஆகவே போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: ஊரில் உள்ள வீட்டை விற்காதீர்கள். அங்கே வீடு வாங்காமல் வாடகைக்கு இருங்கள். இருவர் பெயரிலும் தனித்தனி வங்கிக் கணக்கு வையுங்கள்; அந்த நாட்டுச் சட்டப்படி உயில் எழுதுங்கள். ஓய்வூதியம், விசா, காப்பீட்டுக் காகிதங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும். அவரைத் தனியாகக் குடிவரவு அலுவலகத்துக்கு ஒருமுறையாவது அனுப்பிப் பாருங்கள்.

நானும் என் மனைவியும் பேசி முடிவெடுத்துவிட்டோம். குடியேறப் போவதில்லை. இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறது. அது நீடிக்கும்வரை ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிப் பினாங்கில் தங்கி, தேர் பார்த்துவிட்டு ஊர் திரும்புவோம்.