பூனையின் செவி நரம்பிலிருந்து வந்த மாதிரி: ஒரு திருத்தம்

ஸிலானி, புரூஸ், கார்னி ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட செவி நரம்பு மாதிரி (ஓர் ஒலிக்குச் செவி நரம்பு எப்படித் துடிக்கும் என்று கணிக்கும் கணினி நிரல்) மனிதக் காதில் நேரடியாக அளந்த தரவிலிருந்து எழுதப்பட்டது என்றும், ஆகவே அது நம் உட்செவியின் அச்சு நகல் என்றும் ஒருவர் குறிப்பிட்டிருப்பது சரியல்ல.

மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். எந்த உயிரினம் என்று குறிக்கும் அளவுருவில் 1 என்றால் பூனை, 2 அல்லது 3 என்றால் மனிதர். உயிருள்ள மனிதரின் செவி நரம்பில் இழை இழையாக மின்முனை வைத்து அளப்பது நடைமுறையில் இயலாது என்பதால், மாதிரியின் அடிப்படை பெரும்பாலும் பூனையிடம் பதிவு செய்த தரவோடு ஒப்பிட்டே உருவாக்கப்பட்டது. மனிதருக்கென முக்கியமாக மாற்றப்படுவது நடுச்செவி வடிப்பானும் (ஒலி நடுச்செவியைக் கடக்கும்போது எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் பகுதி), உட்செவி அலைவெண்களைப் பிரித்தறியும் கூர்மையுமே.

அந்தக் கூர்மையிலும் ஒருமித்த கருத்து இல்லை. 2 என்ற தேர்வு, காதே வெளிவிடும் மெல்லொலிகளை வைத்து ஷேராவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் கணித்த மதிப்பைப் பின்பற்றுகிறது. 3 என்பது, ஓர் ஒலி இன்னொன்றை மறைக்கும் கேட்புச் சோதனைகளிலிருந்து கிளாஸ்பெர்க்கும் மூரும் 1990இல் பெற்றதை. முன்னது கணிசமாகக் கூர்மையானது. ஒரே காதுக்கு இரண்டு விடைகளை வைத்திருக்கும் நிரலை நகல் என்று எப்படிச் சொல்வது?

இதனால் மாதிரி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. உட்செவியில் ஒலியதிர்வைப் பெருக்கித் தரும் புற மயிர்ச்செல்களின் செயல்திறனை 1இலிருந்து (இயல்பு நிலை) 0 (முழு இழப்பு) நோக்கிக் குறைத்து, கேள்திறன் இழப்பில் நரம்புத் துடிப்புகள் எப்படி மாறக்கூடும் என்று ஆராய அது மிகவும் உதவுகிறது.