வேலிக் கோட்டைத் தண்ணீருக்குள் நீட்டினால் அது உங்கள் எல்லை ஆகாது

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கரையோர வீடு வாங்குவோரிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: “நிலத்தின் பக்க எல்லைகளை அப்படியே நீருக்குள் நேராக நீட்டுங்கள், அதற்குள் எங்கு வேண்டுமானாலும் படகுத்துறை கட்டலாம்.” இது தவறு. நம்பிக் கட்டினால் பக்கத்து வீட்டாரோடு வழக்கில்தான் போய் நிற்கும்.

சராசரி உயர் ஓத மட்டத்துக்குக் (கடல்நீர் ஏறும்போது சராசரியாக எட்டும் உயரம்) கீழுள்ள அடிநிலம், அதாவது நீருக்கடியிலுள்ள தரை, அங்கே பொதுவாக மாநிலத்துக்குச் சொந்தம். வீட்டுக்காரருக்கு இருப்பது கரையுரிமை, அதாவது கரையை ஒட்டிய நீரைப் பயன்படுத்தும் உரிமை. அதன் எல்லைக்கோடு படகுப் பாதையை நோக்கி, அண்டை வீட்டாருக்கும் நியாயமான பங்கு கிடைக்கும்படி வரையப்பட வேண்டும் என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்வளைந்த கரையில் வேலிக் கோடுகளை நீட்டினால் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். வரைந்து பார்த்தாலே புரியும்.

ஆகவே முதலில் நில அளவையரிடம் கரையுரிமைக் கோட்டைக் குறித்து வாங்குங்கள். அரசு அடிநிலத்தில் படகுத்துறை அக்கோட்டிலிருந்து பொதுவாக 25 அடி தள்ளியிருக்க வேண்டும். கரையை ஒட்டி இணையாக அமைந்தால் 10 அடி. ஆழத்தைத் தாழ் ஓதத்தில், அதாவது நீர் வற்றியிருக்கும்போது, அளக்கவும். உயர் ஓதத்தில் அளந்தால் பிறகு படகு தரைதட்டும், கடற்புல்லும் சிதையும்.

“படகுத்துறை 1,000 சதுர அடிக்குள் என்றால் அனுமதியே வேண்டாம்” என்பதும் அரைகுறைத் தகவல். அந்த விலக்கு மாநிலச் சுற்றுச்சூழல் அனுமதிக்கு மட்டுமே. சிறப்புப் பாதுகாப்புள்ள நீர்நிலைகளில் வரம்பு 500. கூட்டரசின் ராணுவப் பொறியாளர் படை அனுமதி தனி.