தையலின் பின்பக்கம்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் கழித்து ஒரு நாள், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி கொடுப்பவர்) அவர் முன்னால் ஒரு தோல் துண்டை வைத்தார். கையகலம் இருக்கும். விளிம்பைச் சுற்றி வரிசையாக ஓட்டைகள். "நான் செய்யறதைப் பாருங்கம்மா, அப்புறம் நீங்க மூணு தையல் போடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டு வரவு செலவு முழுவதையும் மனக்கணக்கிலேயே வைத்திருந்தவர் அம்மா. அவர் கையில் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல ஊசியும் நூலும் கொடுக்கிறார்களே என்று.

நான் கோபப்பட்டது தப்பு. இன்னொரு வீட்டிலும் யாராவது இதே கோபத்தோடு எழுந்து போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்த கிளாடியா ஆலன் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உருவாக்கிய சோதனை இது. ஒருவரால் எந்த அளவுக்கு யோசித்துச் செயல்பட முடிகிறது என்று பார்ப்பதற்கானது. நோயாளிகள் கைவேலை செய்யும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துக் கவனித்து வந்த முறை. மூன்று தையல், ஒன்றைவிட ஒன்று கடினம். முதலில் ஓட்டுத் தையல். அடுத்து, தோல் நாடாவை விளிம்பைச் சுற்றிக் கொண்டுபோகும் தையல். மூன்றாவது சிங்கிள் கார்டோவன் என்ற பின்னல். அதை முதலில் செய்து காட்டமாட்டார்கள். போட்டு வைத்திருப்பதைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். மார்க் 3.0-இல் தொடங்கி 5.8 வரை. புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்தான் நிலை.

ஓட்டுத் தையலை அம்மா சுலபமாகப் போட்டார். இரண்டாவதும் போட்டார், கொஞ்சம் நிதானமாக. அந்த நாடாவுக்கு ஒரு பக்கம் வழவழப்பாக, கருப்பாக இருக்கும். மறுபக்கம் வெளிர் நிறம். வழவழப்பான பக்கம்தான் எப்போதும் மேலே தெரிய வேண்டும். தெரபிஸ்ட் தோலைத் திரும்ப வாங்கி, வேண்டுமென்றே இரண்டு தப்பு செய்து கொடுத்தார். ஓரிடத்தில் நாடா முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில், பின்பக்கம், நாடா குறுக்கே போயிருந்தது. "எங்கே தப்புன்னு காட்டுங்கம்மா, சரிபண்ண முடியுதான்னு பாருங்க."

முறுக்கலை அம்மா உடனே பிடித்துவிட்டார். விரலால் நீவி, அவிழ்த்து, சரியாகப் போட்டார். "இப்போ சரியா இருக்கு" என்று கீழே வைத்தார். திருப்பிப் பார்க்கவே இல்லை. எனக்கோ, "அம்மா, பின்னாடி பாருங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தெரபிஸ்ட் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை. நான் சொல்லியிருந்தால் அம்மா திருப்பியிருப்பார். எங்களுக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும்.

ஆலனின் அளவுகோலில் நான்காவது நிலையில் இருப்பவர்கள் கண்ணுக்கு நேராக இருப்பதை வைத்து வேலை செய்வார்கள். மாதிரி முன்னால் இருந்தால் அப்படியே செய்துவிடுவார்கள். ஆனால் பார்வையில் படாதது அவர்கள் கணக்கிலேயே வராது. ஐந்தாவது நிலைக்குப் போனவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள், இப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று முயன்று பார்ப்பார்கள். தெரபிஸ்ட் இதைச் சொன்னதும் எனக்கு வீடு ஞாபகம் வந்தது. அலமாரிக்குள் இருந்த மாத்திரைகள் தொடப்படாமலே கிடந்தன. மேசைமேல் இருந்தவற்றை வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அதை மறதி என்று சொல்லிச் சொல்லி அவரிடம் சண்டை போட்டிருக்கிறோம். அன்றே எல்லா மாத்திரையையும் வெளியே எடுத்து வைத்தோம்.

பேச்சில் இது எதுவும் தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அம்மா கோர்வையாகப் பேசினார், வந்தவர்களை நலம் விசாரித்தார். பேச்சு ஆளை மறைக்கும், கைவேலை அவ்வளவு மறைக்காது. 1975-இல் வந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் 30 மார்க் நினைவாற்றல் சோதனையிலும், காகிதத்தை வலது கையில் வாங்கு, இரண்டாக மடி, தரையில் வை என்று ஒரு பகுதி உண்டு. மூன்று வேலைக்கு மூன்று மார்க். கேட்டதை மனதில் வைத்து வரிசையாகச் செய்ய முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

அதற்காகத் தையல் சோதனையின் மார்க்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. கண்ணாடி போடாமல் உட்கார்ந்தால் மார்க் குறையும். கை பலவீனமாக இருந்தாலும், மாத்திரை மயக்கம் இருந்தாலும் குறையும். பார்வையும் விரலும் சிரமப்படுபவர்களுக்கென்றே பெரிய தோலில் பெரிய ஓட்டையோடு இதே சோதனை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். காலமெல்லாம் தைத்தவருக்குத் தையல் பழகிய வேலை. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருபது நிமிடச் சோதனையை மட்டும் வைத்து, ஒருவர் தனியாக இருக்கலாமா, அடுப்பைத் தொடலாமா என்று முடிவு கட்டுவது அநியாயம். வேறு கைவேலைகள் கொடுத்தும், வீட்டில் அவர் செய்வதைப் பார்த்தும் உறுதி செய்ய வேண்டும்.

அம்மாவின் அறிக்கையில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய? தெரபிஸ்டை நிறுத்தி, எந்த இடத்தில் கை நின்றது, எதைச் சொன்னதும் நகர்ந்தது, எதைத் தானே திருத்திக்கொண்டார் என்று கேட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். தம்பி வீட்டுக்கு அம்மா போகும்போதெல்லாம் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தனுப்புகிறேன், எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும்.