எங்கள் வீட்டுக் கணக்கில் ஓட்டை இல்லை

"வரவுக்குத் தகுந்த செலவு செய்தால் கடன் ஏன் வரப்போகிறது?" என்று இனிமேல் யாராவது என்னிடம் கேட்டால், பேசாமல் என் கணக்கு நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடப் போகிறேன். எங்கே வீண் செலவு இருக்கிறது என்று அவர்களே விரல் வைத்துக் காட்டட்டும். வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு, கடனையும் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பொம்பளைக்குச் சிக்கனம் சொல்லித்தர ஊரில் எத்தனை பேர்!

அரிசி ரேஷன். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் ரேஷனில் வருகிறது, வந்த அன்றே போய் வாங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரம் பக்கம் திரும்புவதே இல்லை, கூறு கட்டி வைத்திருக்கும் காரப்பொடி மீனோடு சரி. குழாய்த் தண்ணீர் சில நாள் சாக்கடை நாற்றம் அடிக்கும், அதனால் குடிக்க மட்டும் கேன் வாங்கித்தான் ஆக வேண்டும். கரண்ட் முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு சொல்கிறது. எங்களுக்கு ஏது இலவசம்? வீட்டு ஓனர் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார். இதில் இன்னும் எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்? பிள்ளைகளின் பாலையா?

கடன் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோது வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் நின்றது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் போச்சு, மெத்தை போச்சு, வேலைக்குப் போகிற பைக்கின் இன்ஜினும் போச்சு. அரசு கொடுத்த 6,000 ரூபாய் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போனது. அது ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது, போன வருஷம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் ஒரு லட்சம் வாங்கினோம். ஆடம்பரத்துக்கு வாங்கிய கடன் இல்லை இது.

வட்டி 12 சதவீதம் என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு வட்டி 24,000, மாதத் தவணை 5,167. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? கடைசி மாதம் ஐயாயிரம்தான் பாக்கி இருக்கும், அப்போதும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் அது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அப்புறம் பிராசஸிங் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, கேட்காமலே சேர்த்த இன்சூரன்ஸ் எல்லாம் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 94,500. அதையும் சேர்த்தால் 27 சதவீதத்துக்கு மேல். பன்னிரண்டு என்று சொல்லி இருபத்தேழு வாங்குகிறவன் யோக்கியன், பால் பாக்கெட் வாங்குகிற நான் ஊதாரியா?

இதைவிட வயிறு எரிவது தவணைத் தேதிதான். என் கணவருக்கு மணலியில் கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் பத்தாம் தேதிதான் விழும். தவணை 5-ம் தேதி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுப்பார்கள். கையெழுத்துப் போடும்போதே கேட்டோம். "சிஸ்டத்துல அஞ்சுதான் மேடம்" என்று ஒரே பதில். அதனால் முந்தின மாதச் சம்பளத்திலேயே எடுத்து வைப்பேன். ஒரு மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, ஊசி என்று அதில் கை வைக்க வேண்டியதாயிற்று. 5-ம் தேதி கணக்கில் 4,900 இருந்தது. குறைந்தது 267 ரூபாய். தவணை திரும்பிவிட்டது என்று வங்கி 590 பிடித்தது, 500-ம் அதற்கு ஜிஎஸ்டியும். விஷயம் தெரியாமல் நான் சாயங்காலமே ஓடிப்போய் 300 கட்டினேன். அவர்கள்தான் அதற்குள் 590-ஐ எடுத்துவிட்டார்களே, மறுபடியும் எப்படிப் போதும்? 7-ம் தேதி ஃபைனான்ஸ் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி தவணையை எடுக்கப் பார்த்தது. மறுபடி திரும்பியது, மறுபடி 590. போதாததற்கு ஃபைனான்ஸ்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு அபராதம். 267 ரூபாய் குறைந்ததற்கு வங்கிக்கு மட்டும் 1,180 ரூபாய் அழுதேன்!

15-ம் தேதி வந்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் அந்த ஓட்டையை அடைக்கத்தான் போனது. இந்தப் பணத்தை வங்கிகள் வேறு பாக்கிக்குப் பிடிக்கக் கூடாது என்று 2023-ல் திட்டம் தொடங்கியபோதே நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரித்தார். என்னிடம் நேரடியாகப் பிடிக்கவில்லை, சரி. முன்னாடியே பிடித்துவிட்டார்கள். பெண்களின் கைச்செலவுக்கு என்று வந்த பணம் வங்கியின் கைச்செலவுக்குப் போயிற்று.

அப்புறம்தான் "தண்டல் வாங்காதே" என்று புத்தி சொல்ல வருவார்கள். தண்டல்காரன் பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கொடுப்பான், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வருஷக் கணக்குக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி. எங்களுக்குத் தெரியாதா என்ன? 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் சேர்த்திதான். ஆனாலும் எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் தண்டல்காரனின் வண்டி நிற்கிறது. ஏன் நிற்கிறது? 5-ம் தேதிக்கும் 10-ம் தேதிக்கும் நடுவில் ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேறு யாரும் இல்லை, அதனால் நிற்கிறது. பெரிய கம்பெனிக்காரன் தவணைத் தேதியால் தள்ளிவிடுகிறான், தண்டல்காரன் பிடித்துக்கொள்கிறான்.

போன் தொல்லை தனி. கடன் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வருகிறது. விதியை எடுத்துச் சொன்னால், "கட்ட வேண்டியதைக் கட்டிட்டு ரூல்ஸ் பேசுங்க" என்கிறான், என் தம்பி வயசுப் பையன். பக்கத்துப் போர்ஷன் அக்காவின் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, அவர்களுக்கும் போன் போட்டிருக்கிறான். அந்த அக்கா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. பிச்சையா எடுத்தோம்? மாதாமாதம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்!

2024 அக்டோபரிலிருந்து, கடன் கொடுக்கும் முன்பே எல்லாக் கட்டணமும் சேர்த்து உண்மையான வருஷ வட்டி எவ்வளவு என்று ஒரு விவரத் தாள் கொடுக்க வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வந்தது போனில் ஒரு லிங்க், உள்ளே பக்கம் பக்கமாக இங்கிலீஷ். அதைத் திறந்து பார்ப்பதற்குள் "ஓடிபி சொல்லுங்க மேடம்" என்று அவசரப்படுத்தினார்கள்.

தவணைத் தேதியை 12-க்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வட்டியைக் குறைக்கச் சொல்லவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை, ஏழு நாள் தள்ளி வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். இன்னும் "பரிசீலனையில் உள்ளது" என்றே மெசேஜ் வருகிறது. அபராதம் பிடிக்க மட்டும் எந்தப் பரிசீலனையும் வேண்டியிருக்கவில்லை, அன்றைக்கே பிடித்தார்கள். அதே வேகத்தில் தேதியையும் மாற்றிக் கொடுங்கள்.